வீட்டைச் சிறையாக்கிய நகரம்



பண்டைய கிரேக்கரின் ஒலிம்பியா விளையாட்டுகளில் வென்றவன் யார் என்பதைக் கட்டியக்காரன் உரத்த குரலில் அறிவிப்பான். அவன் சொல்வது மூன்றே செய்திகள்: வீரனின் பெயர், அவனுடைய தகப்பன் பெயர், அவனுடைய நகரத்தின் பெயர். முதல் விளையாட்டு என்று கணக்கிடப்படும் கி.மு. 776-ஆம் ஆண்டு ஓட்டத்தில் வென்ற கொரோய்போஸ் என்பவனைப் பற்றி நாம் அறிந்தது மிகக் கொஞ்சம். அவன் ஒரு சமையற்காரன் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது. ஆனால் அவன் எலிஸ் நகரத்தான் என்ற செய்தி மட்டும் இருபத்தேழு நூற்றாண்டுகளைத் தாண்டி நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மூன்றாவது பெயரைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒலிம்பியாவில் கொடுக்கப்பட்ட பரிசு காட்டொலிவக் கொப்பினால் பின்னிய ஒரு வளையம். நெமேயாவில் செலரித் தழை. தெல்பியில் லாரல் இலை. வாடிப்போகும் இந்த இலைகளுக்காக மனிதர் உடலை ஒடுக்கிப் பயிற்சி செய்வதைக் கண்டு அந்நியர் வியந்தனர். கி.மு. 480-இல் பெர்சிய மன்னன் செர்க்செஸ் (எஸ்தரின் புத்தகத்தில் வரும் அகாஸ்வேரு இவனே என்று பலர் கருதுகின்றனர்) கிரேக்கத்தின்மேல் படையெடுத்து வந்தான். கிரேக்கர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பெர்சியர் விசாரித்தபோது, ஒலிம்பியாவில் விளையாட்டு பார்க்கிறார்கள் என்று பதில் வந்ததாம். பரிசு ஒலிவ மாலைதான் என்று கேள்விப்பட்ட ஒரு பெர்சியப் பிரபு, பொருளுக்காக அல்லாமல் சிறப்புக்காகப் போராடும் ஜனத்தோடா நம்மை மோதவிட்டீர்கள் என்று வாய்விட்டுப் புலம்பினான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

நல்ல கதை. ஆயினும் அந்தப் பிரபுவுக்கு யாரும் சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு. ஒலிம்பியா இலையைக் கொடுத்தது. மற்றதை வீரனின் சொந்த நகரம் கொடுத்தது. அத்தேனே பட்டணத்தில் சோலோன் இயற்றிய சட்டத்தின்படி ஒலிம்பியாவில் வென்றவனுக்கு 500 திராக்மாவும், இஸ்த்மியாவில் வென்றவனுக்கு 100 திராக்மாவும் வழங்கப்பட்டன என்று புளூட்டார்க் குறிக்கிறார். அதே சட்டங்களில் ஓர் ஆட்டின் மதிப்பு ஒரு திராக்மா. எனவே ஓர் ஓட்டத்துக்கு ஐந்நூறு ஆடுகள்! இதற்கு மேல் நகர மண்டபத்தில் பொதுச் செலவில் சாப்பாடு. கி.மு. 399-இல் உயிருக்கு வழக்காடி நின்ற சோக்ரதேஸ், ஒலிம்பியாவில் வென்றவனைவிட அந்தச் சாப்பாட்டுக்குத் தாமே தகுதியானவர் என்று நீதிபதிகளிடம் சொன்னார். அவர்கள் அதை ரசிக்கவில்லை.

சில நகரங்கள் இன்னும் மேலே போயின. வென்று திரும்பும் மகன் உள்ளே வரும்போது மதிலின் ஒரு பகுதியை இடித்து வழிவிடும் வழக்கம் இருந்தது. இப்படிப்பட்டவர்கள் இருக்கும் நகரத்துக்கு மதில் எதற்கு என்பது அதன் பொருள் என்று புளூட்டார்க் விளக்குகிறார். சிசிலித் தீவின் அக்ராகாஸ் நகரத்தான் எக்சைனெட்டோஸ் கி.மு. 412-இல் ஓட்டத்தில் வென்று திரும்பியபோது, வெள்ளைக் குதிரைகள் இரண்டிரண்டாகப் பூட்டிய 300 தேர்கள் அவனைச் சூழ்ந்து வந்தன என்று டயோடோரஸ் எழுதுகிறார். அந்தத் தேர்கள் அத்தனையும் அந்த நகரத்தாருடையவையே. இன்னும் ஆறே ஆண்டுகள் சென்றன. கி.மு. 406-இல் கார்த்தேஜின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டபின் அக்ராகாஸ் மக்கள் இரவோடு இரவாக நகரத்தை விட்டு ஓடினார்கள். நோயாளிகளையும், நடக்கமுடியாத முதியவர்களையும் அவரவர் வீட்டாரே விட்டுச் சென்றார்கள் என்பதையும் அதே டயோடோரஸ் பதிவு செய்கிறார். நான் இந்த இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் இருந்தேன். ஓட்டக்காரனைக் கொண்டுவர முந்நூறு தேர்களைக் கொண்டிருந்த ஊர் அது.

இந்தப் புகழ்வெறியைக் கண்டித்தவர்கள் கிரேக்கரிலேயே இருந்தார்கள். எபேசுவுக்கு அருகிலுள்ள கொலோபோனில் பிறந்த செனோபனீஸ் என்ற கவிஞர், ஒருவன் குத்துச்சண்டையில் வென்றதால் நகரத்தின் நிர்வாகம் சீர்ப்படுவதில்லை, களஞ்சியம் நிரம்புவதும் இல்லை என்று வாதாடினார். சரிதான். ஆனால் அந்த மரியாதை வீரனுக்குப் பதிலாக என்னுடைய ஞானத்துக்கு அல்லவா வரவேண்டும் என்று அவர் தொடரும்போது எனக்குப் புன்னகை வருகிறது. நாற்காலியில் யார் உட்காருவது என்பதே அவருடைய வழக்கு. நகரம் ஏன் அந்த நாற்காலியைப் போடுகிறது என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை அறியக் குரோத்தோன் என்னும் நகரத்துக்குப் போகவேண்டும்.

குரோத்தோன் இத்தாலியின் தென்கரையில் கிரேக்கர் குடியேறிய ஊர். விளையாட்டில் அதற்கு இணையான நகரம் அக்காலத்தில் இல்லை. ஒரே ஒலிம்பியா ஓட்டத்தில் முதல் ஏழு இடங்களையும் குரோத்தோன் வீரர்களே பிடித்தார்கள் என்று ஸ்திராபோ எழுதுகிறார். குரோத்தோனியரில் கடைசியானவன் மற்றக் கிரேக்கரில் முதலானவன் என்ற பழமொழியும் பிறந்தது. மல்யுத்தத்தில் ஆறு முறை ஒலிம்பியாவில் வென்ற மிலோவும் அந்த ஊரானே. அண்டை நகரமான சிபாரிசின்மேல் நடந்த போரில் அவன் தன் மாலைகளை அணிந்துகொண்டே முன்னால் போனானாம்.

இந்த ஊரில் அஸ்டைலோஸ் என்ற ஓட்டக்காரன் இருந்தான். கி.மு. 488, 484, 480 ஆகிய மூன்று விளையாட்டுகளிலும் தொடர்ந்து வென்றான். முதல் முறை கட்டியக்காரன் குரோத்தோன் என்று அறிவித்தான். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவன் தன்னைச் சீரகூசா பட்டணத்தான் என்று அறிவிக்கச் செய்தான். பவுல் ரோமாபுரிக்குப் போகும் வழியில் மூன்று நாள் தங்கிய அதே சீரகூசாதான். அந்நாளில் அதை ஆண்ட குடும்பம் செல்வமும் வலிமையும் மிக்கது; அவர்களை மகிழ்விக்கவே அஸ்டைலோஸ் இப்படிச் செய்தான் என்று பவுசானியாஸ் கூறுகிறார். குரோத்தோன் மக்கள் என்ன செய்தார்கள்? லாக்கினியாவின் ஹேரா கோவிலருகே நின்ற அவனுடைய சிலையை இடித்துத் தள்ளினார்கள். அவன் வீட்டைச் சிறைச்சாலை ஆக்கினார்கள்.

இந்த இரண்டாம் தண்டனையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வீட்டை இடித்திருக்கலாம், ஏலம் போட்டிருக்கலாம். அவர்கள் அதை நிற்கவிட்டு, கதவுக்குப் பூட்டுப் போட்டு, குற்றவாளிகளை உள்ளே வைத்தார்கள். வழியே போகிற ஒவ்வொரு சிறுவனும் இது யாருடைய வீடு என்று கேட்பான், பெரியவர்கள் சொல்வார்கள். அஸ்டைலோஸ் நல்லவன் என்று நான் வாதாட வரவில்லை. ஆளுகிறவனின் தயவுக்காகச் சொந்த ஊரின் பெயரை மாற்றிச் சொன்னவனை யாரும் மெச்சவேண்டியதில்லை. ஆனால் அவனுடைய கால்கள் அதே கால்கள்தான். ஓட்டமும் அதே ஓட்டம். கட்டியக்காரனின் வாயில் கடைசிச் சொல் ஒன்று மாறியது. அன்று வரை சிலையாக இருந்த அன்பு அன்றே சிறையாக மாறியது. அப்படியானால் குரோத்தோன் நேசித்தது அஸ்டைலோஸை அல்ல என்றே நான் முடிவு செய்கிறேன். அந்த ஊர் தன் பெயரை அவன் தலையில் கண்டு அதை நேசித்தது.

இதைப்போன்று இன்னொன்று கிரேத்தா தீவில் நடந்தது. சோத்தாடெஸ் என்பவன் நெடுந்தொலை ஓட்டத்தில் முதலில் கிரேத்தா தீவானாக வென்றான். எபேசியர் பொதுப்பணத்திலிருந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த விளையாட்டில் எபேசியனாக வென்றான். கிரேத்தா அவனை நாடு கடத்தியது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் அதே தீவின் நோசோஸ் நகரத்தார் எர்கோதெலெஸ் என்பவனைக் கட்சிச் சண்டையில் துரத்தியிருந்தார்கள். அவன் கடல் கடந்து சிசிலியின் ஹிமேராவுக்குப் போனான். அந்நகரம் அவனுக்குக் குடியுரிமை கொடுத்தது. அவன் ஒலிம்பியாவில் இரண்டு முறை வென்றபோது ஹிமேராவின் பெயர் ஒலித்தது. சொந்த ஊரில் இருந்திருந்தால் அவன் வேகத்தை உலகம் அறிந்திருக்காது என்ற கருத்தில் கவிஞர் பிந்தார் அவனைப் பாடினார். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதற்காக இந்த இருவரையும் அருகருகே நிறுத்துகிறேன். ஒருவன் பணத்துக்குப் போனான்; மற்றவன் துரத்தப்பட்டுப் போனான்.

இப்போது நம்முடைய ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பு நேரத்துக்கு வாருங்கள். பொதுத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண், மருத்துவக் கல்லூரியில் இடம், வெளிநாட்டில் வேலை. பிள்ளையின் பெயரைச் சொல்கிறோம். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்கிறோம். நம் சபைப் பிள்ளை என்று முடிக்கிறோம். கட்டியக்காரனின் மூன்று செய்திகளும் வரிசை மாறாமல் வந்துவிடுகின்றன. கைதட்டுகிறோம். அதே பெஞ்சுகளில் தேர்ச்சி பெறாத பிள்ளையின் தாய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தாயும் கைதட்டுகிறாள்.

அறிவிப்புகளை நிறுத்திவிடவேண்டும் என்பது என் கருத்தல்ல. என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பாடகர் குழுவில் நம்மோடு வளர்ந்த ஒருவர், ஓய்வுநாள் பள்ளியில் பத்து ஆண்டு கற்பித்த ஒருவர், வேறொரு சபைக்குப் போகிறார். திருமணத்தினால் இருக்கலாம், வீடு மாறியதினால் இருக்கலாம், நம்மோடு உண்டான மனக்கசப்பினால் இருக்கலாம். அஸ்டைலோஸைப் போல அங்கே இருக்கும் பெரியவர்களின் தயவை நாடியும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் நம் பேச்சு ஒரே மாதிரி மாறுகிறது. அவர் குரல் அப்படி ஒன்றும் பெரிய குரல் இல்லை என்கிறோம். அவர் எப்போதுமே அப்படித்தான் என்கிறோம். அவருடைய பெற்றோர் இன்னும் நம்மோடுதான் ஆராதிக்கிறார்கள். ஆலய வாசலில் அவர்களிடம் நாம் பேசும் நேரம் குறைகிறது. உறுப்பினர் மாற்றுக் கடிதம் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம், சந்தா பாக்கி என்றும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றும் சொல்லப்பட்டு மாதக்கணக்கில் கோப்பில் கிடக்கிறது. இது ஏதோ ஒரு சபையில் மட்டும் நடப்பது அல்ல என்பதைப் பல ஊர்களில் ஊழியம் செய்த போதகர்கள் அறிவார்கள்.

அவரை வளர்த்தது நாம் அல்லவா, அவருக்காகச் செலவழித்தது நாம் அல்லவா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. குரோத்தோனும் இதையே கேட்டிருக்கும். அஸ்டைலோஸுக்கு முதல் சிலை வைத்ததே அந்த ஊர்தானே. ஆனால் அன்பளிப்பாகக் கொடுத்ததைப் போகும் நாளில் கடனாகக் கணக்கெழுதினால், கொடுத்த நாளில் அது என்னவாக இருந்தது என்ற கேள்வி நம்மிடமே திரும்பி வருகிறது.

மரியாதையே வேண்டாம் என்று இன்னொரு பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. அகாயா நாட்டுத் தைமே நகரத்தான் ஓய்போத்தாஸ் கி.மு. 756-இல் வென்றான், அவனுடைய ஜனங்கள் அவனுக்குத் தனி மரியாதை எதுவும் செய்யவில்லை. இனி அகாயருக்கு வெற்றி இல்லாமல் போகட்டும் என்று அவன் சபித்ததாகவும், சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து அவர்கள் ஒலிம்பியாவில் அவனுக்குச் சிலை வைத்தபின்பே அவர்களுக்கு வெற்றி வந்ததாகவும் ஒரு கதை வழங்கியது. சாபம் பலித்ததா என்பது எனக்கு முக்கியமல்ல. முந்நூறு ஆண்டு ஒரு ஜனத்தின் மனசாட்சியில் அந்தக் குறை உறுத்திக்கொண்டிருந்தது என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

மறுபடியும் குரோத்தோனுக்கே போகிறேன், ஏனெனில் அந்த ஊருக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். அஸ்டைலோஸ் மூன்றாம் முறை வென்ற அதே கி.மு. 480-இல் பெர்சியக் கப்பற்படைக்கு எதிராகக் கிரேக்கர் சலாமிஸில் திரண்டார்கள். (சீப்புருதீவின் சாலமி அல்ல, அத்தேனேக்கு எதிரேயுள்ள சிறு தீவு.) இத்தாலியிலும் சிசிலியிலும் இருந்த கிரேக்க நகரங்களிலிருந்து உதவிக்கு வந்தது ஒரே ஒரு கப்பல். அது குரோத்தோனின் கப்பல். அதன் தலைவன் பயில்லோஸ். தெல்பியில் மூன்று முறை வென்ற வீரன். ஒலிம்பியாவில் அவனுக்கு ஒரு வெற்றியும் இல்லை. கப்பலைத் தன் செலவிலேயே ஆயத்தப்படுத்தி, அப்போது கிரேக்கத்தில் தங்கியிருந்த தன் ஊராரை அதில் ஏற்றிக்கொண்டு போனான். குரோத்தோனுக்கு அந்தப் போரில் நேரடி ஆபத்து இல்லை. பெர்சியன் வெகு தொலைவில் இருந்தான். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கதோனியனாகிய அலெக்சாந்தர் பெர்சிய மன்னன் தாரியுவை முறியடித்தபோது, கொள்ளைப்பொருளில் ஒரு பங்கை இத்தாலியிலிருந்த குரோத்தோனுக்கு அனுப்பினான். பயில்லோஸின் நினைவுக்காக அனுப்பினான் என்று புளூட்டார்க் சொல்கிறார். அந்த நாளில் பயில்லோஸை நேரில் கண்ட ஒருவரும் உயிரோடு இல்லை. தன் ஊரின் பெயரை உயர்த்தப் புறப்படாத ஒருவனால் அந்த ஊருக்கு அந்தப் பரிசு வந்தது.

கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கிய பவுல் அப்போஸ்தலனுக்கு இவையெல்லாம் அந்நியமானவை அல்ல. இஸ்த்மியா விளையாட்டுக்களம் கொரிந்துவிலிருந்து சில மணி நேர நடைத் தூரம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு நடந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் திறந்து வாசியுங்கள். ஓட்டக்காரன் இருக்கிறான், குத்துச்சண்டைக்காரன் இருக்கிறான், உணவிலும் பழக்கத்திலும் அடக்கம் இருக்கிறது, வாடிப்போகும் மாலையும் இருக்கிறது. பிரசங்கிப்பது என்று நாம் அங்கே வாசிக்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் கட்டியக்காரனின் தொழிலைக் குறிப்பது. விளையாட்டுக்களத்தின் ஏறக்குறைய எல்லாவற்றையும் பவுல் எடுத்துக்கொண்டார். ஓடுகிறவனின் நகரத்தை மட்டும் எடுக்கவில்லை. ஊர்ப்பெருமை அறியாதவர் அல்ல அவர். எருசலேமில் பிடிபட்டபோது தாம் தர்சு பட்டணத்தார் என்பதைத் தலை நிமிர்ந்தே சொன்னார்.

அவரும் பெயர்களை அறிவித்ததுண்டு. கொரிந்துவிலிருந்து எழுதப்பட்டது என்று வேத ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருதும் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ஒலிம்பா என்று ஒருவர்கூட அதில் உண்டு. தகப்பன் பெயர் ஒருவருக்கும் இல்லை. எந்த நகரத்தார் என்பதும் இல்லை. மரியாள் மிகவும் பாடுபட்டார், பெர்சியாளும் அப்படியே. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்தவர்கள். ஒரு தாய்க்கு அவர் பெயரும் எழுதவில்லை. தமக்கும் தாயாக இருந்தவர் என்று மட்டும் குறிக்கிறார்.

அந்தப் பட்டியலுக்கு முன்னால், அதிகாரத்தின் முதல் வரிகளில், ஒரு பெண் இருக்கிறார். பெபேயாள். கொரிந்துவின் துறைமுகமாகிய கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்தவர். இஸ்த்மியாக் களத்திலிருந்து அந்தத் துறைமுகம் சில மைல் தொலைவுதான். அவர் அந்தச் சபையிலிருந்து புறப்பட்டு ரோமாபுரிக்குப் போகிறார். கெங்கிரேயாவுக்கு அது இழப்பு. பலருக்கும் பவுலுக்கும் ஆதரவாக இருந்தவர் என்று அவரே எழுதுகிறார். அவருக்கு முன்பாகவோ அவர் கையிலோ போய்ச் சேர்ந்த அந்தக் கடிதம், அவரை அங்குள்ளவர்கள் பரிசுத்தவான்களுக்கு ஏற்றபடி ஏற்றுக்கொள்ளவும், எந்தக் காரியத்தில் அவருக்கு உதவி தேவைப்பட்டாலும் அதைச் செய்து கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறது.

நம் கோப்பில் கிடக்கும் மாற்றுக் கடிதங்களை வருகிற கமிட்டிக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுக்கக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும், அவர் நம்மோடு இருந்த ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதை இரண்டு வரியாவது எழுதி அனுப்ப வேண்டும். அவர்களை அறிந்தவர்கள் அந்த வரிகளை எழுத எனக்கு உதவுங்கள்.